சன்னாசியின் நாடித்துடிப்பு

தோட்டத் தொழிலாளிகள் ஐந்து பேரை வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் நெஞ்சில் என்னைக் குழாய் வைத்துப் பார்க்கச் சொன்னார் கோலசிலாங்கூரிலிருந்து ஜீப்பில் வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர்.

யாருக்குப் படபடக்கிறதோ அவன்தான் காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு, அரிசி கொடுப்பவனாம்.

பதினெட்டு வருஷமாக எஸ்டேட் டிரெசர் நான். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவனைத் திருடன் பிடிக்கச் சொன்னால் எரிச்சல் வராதா?

காலையில் இந்த ஐந்து பேரும் ரப்பர் பால் வெட்டும் மர நிரையில் ஒரு பை அரிசி கிடைத்திருந்தது. அவசரகாலச் சட்டத்தில் ஆளை உள்ளே தள்ள அது போதும்.

நான்கு பேருக்கு நாடி நிமிஷத்துக்கு நூற்றுப் பத்துக்குக் குறையாமல் அடித்தது. பயந்தால் அடிக்காமல் என்ன செய்யும்?

ஐந்தாவது ஆள் சன்னாசி. நாற்பத்தெட்டு.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். மறுபடி எண்ணினேன். அப்போதும் நாற்பத்தெட்டு.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

இவ்வளவு பயமில்லாதவன் பழகினவன், இவன்தான் என்று முடிவுகட்டிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

நான் குறுக்கே புகுந்தேன். இது தைரியம் இல்லை, வியாதி என்றேன். ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி ரெங்கசாமிக்கும் இப்படித்தான் இருந்தது. ஒரு நாள்கூட வலி என்று சொன்னதில்லை, சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்திருந்ததை அறுத்துப் பார்த்துதான் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட நெஞ்சு ஓடினாலும் வேகம் எடுக்காது, வேண்டுமானால் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றேன்.

உண்மையில், காப்பாற்றும் எண்ணத்தைவிட அந்த நெஞ்சைக் கேட்கும் ஆசைதான் எனக்கு அதிகம். ஓடினால் வியாதிக்காரன் செத்துப்போவானே என்றுகூடத் தோன்றவில்லை.

"நெஞ்சு வலியெல்லாம் இல்லீங்க டிரெசரய்யா. ஓடணும்னா ஓடுறேன்" என்றான் சன்னாசி.

மேட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை ஓடிவிட்டு வந்தான். குழாயை வைத்தேன்.

நூற்று முப்பது. தையல் மிஷின் போல ஒரு தடங்கல் இல்லை. இவ்வளவு ஆரோக்கியமான நெஞ்சை நான் கேட்டதே கிடையாது.

அப்படியென்றால், துப்பாக்கி முன்னால் அவன் நிஜமாகவே பயப்படவில்லை.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்று தெரிந்தால் எனக்கும் அதே ஜீப்தான்.

"நாற்பத்தெட்டு" என்றேன்.

மற்ற நால்வரில் எவன் என்று தெரியாமல், எல்லோரையும் திட்டித் தீர்த்து அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர். சன்னாசியிடம் மட்டும் மனம் இளகியது. வியாதிக்காரனை இனி பால் வெட்ட அனுப்பாதீர்கள், உட்கார்ந்த வேலையாகக் கொடுங்கள் என்று எஸ்டேட் துரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து எஸ்டேட் அரிசிக் கிடங்குக்குச் சன்னாசிதான் காவல்.