நடை வேகம்

"புது பைக் அண்ணே, நம்பர்கூட இன்னும் வரலை. ஸ்பீடுல பறக்குது, மெதுவாப் போனா வெட்டி வெட்டி இழுக்குது. ஆள் நடக்கிற வேகத்துல ஏக்தம் ஸ்மூத்தா வேணும். கிளட்ச்சே பிடிக்கக் கூடாது, இடது கைக்கு வேலையே இருக்கக் கூடாது" என்றான் அந்த இளைஞன்.

தாராவி மெக்கானிக் செல்வம் சிரித்தான். "இம்புட்டுப் பெரிய வண்டிய நடை வேகத்துல யாரு தம்பி ஓட்டுவா?"

"வொய்ஃபை டாக்டர் டெய்லி நடக்கச் சொல்லியிருக்கார். தனியா விட மனசில்லை. நான் பக்கத்துலயே வண்டியில போவேன்."

சாயா கொண்டுவந்த மாரிசெல்வி புருஷனை முறைத்தாள். "கேட்டியளா? நீங்களும் இருக்கியளே!"

செல்வம் ஆக்சிலேட்டர் கேபிளின் தளர்வைக் குறைத்தான், ஓட்டிப் பார்த்தான், மறுபடி திருகினான். மதியத்துக்குள் வண்டி வழிக்கு வந்துவிட்டது.

"நான் நடக்கேன், பக்கத்துல ஓட்டிப் பாருங்க தம்பி" என்று மாரிசெல்வியே ரோட்டில் இறங்கி நடந்தாள்.

இளைஞன் அவளை ஒட்டியே வந்தான். வண்டியில் ஓர் உதறல் இல்லை. செல்வத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி தம்பி?" என்று கத்தினான்.

இளைஞனின் இடது கை மாரிசெல்வியின் கழுத்துக்கு நீண்டது. அவள் அலறி விழுந்தாள். வண்டி சீறிப் பாய்ந்து சயான் பக்கம் மறைந்தது.

செல்வம் ஓடிப்போய் அவளைத் தூக்கினான். தாலிக்கொடி கிடந்த இடத்தில் கோடாக ரத்தம் கசிந்தது.

"கழுத்துக்குக் கை வந்ததே தெரியலையே..." என்று விம்மினாள்.

அவனும்தான் பார்த்தான். அந்தக் கை நீண்டபோதுகூட வண்டி துளி குலுங்கவில்லை.