ஒன்பதாம் கட்டில்

"என்னை விட்டுடுங்க மேடம். இந்த வேலை எனக்கு ஒத்துவராது. பழைய இடத்துக்கே போயிடறேன்."

புது நர்ஸ் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றாள். மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த வார்டு இன்சார்ஜ் நிமிர்ந்து பார்த்தார். ஒரு இடத்தில் நிற்காத மனுஷி. வார்டில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

"முதியோர் இல்லத்துலேர்ந்து வந்து முழுசா ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள என்ன வந்துச்சு?"

"ஒன்பதாம் கட்டில் ஐயா..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் லீவுல போறதுக்கு முந்தின நாள் அவருக்கு மூச்சுத் திணறுச்சு. நான் பெல் அடிக்கல மேடம். பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"கையையா?"

"அங்க அதான் பழக்கம். கடைசி நேரத்துல யாரையும் தனியா விடமாட்டோம். ஞாபகம் வந்து பெல் அடிச்சப்ப அவர் உதடே நீலமாயிடுச்சு. நீங்க எல்லாரும் ஓடி வந்தீங்க. நான் மரம் மாதிரி நின்னுட்டேன். என்ன ஆச்சுன்னு பாக்காமலே டூட்டி முடிஞ்சதும் கிளம்பிட்டேன்."

இன்சார்ஜ் முகம் கடுகடுத்தது.

"ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. போன் பண்ணிக் கேக்கவும் பயம். இன்னைக்கு வந்து பாத்தா கட்டில் காலி. மெத்தையை மருந்து போட்டுத் துடைச்சிட்டிருக்காங்க. நான்தான் மேடம் அவரை..."

மேலே பேச முடியாமல் அழுதாள்.

"பெல் விஷயத்தை அப்புறம் பேசிக்கறேன். முதல்ல என்கூட வா."

"எங்க மேடம்?"

"அவர் பொண்ணு கீழ இருக்காங்க."

லிப்ட் கீழே இறங்கியது. அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

மருந்துக் கவுன்ட்டர் முன்னால் மகள் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒன்பதாம் கட்டில் ஐயா, "நாலு மாத்திரை எடுத்துக் குடுக்க இவ்வளவு நேரமா? வீடு போய்ச் சேர வேணாமா?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பேருதான் டிஸ்சார்ஜ்" என்றார் இன்சார்ஜ்.

புது நர்ஸ் ஐயாவையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். இல்லத்தில் இருந்த அத்தனை வருஷத்தில் எத்தனையோ காலிக் கட்டில்களை அவள் துடைத்து விரித்திருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பிப் போனவருடைய கட்டில் அதில் ஒன்றுகூட இல்லை.