சங்கரி செய்த ஆம்ப்

சங்கரி முதன்முதலாகத் தன் கையால் செய்த எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிட்டார் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் அந்த ஆம்ப்தான். பட்டுப்புடவை வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் பொருத்தினாள். யூடியூபைப் பார்த்து ஒரு சின்ன ஐ.சி. சிப்பை ஈயத்தால் பற்றவைத்து, பேட்டரியை மாட்டினாள். கிட்டார் ஒயரைச் செருகியதும் ஆம்ப் உர்ரென்று இரைந்தது. கிட்டாரின் கம்பியைத் தொட்டாள்; இரைச்சல் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி இரைந்தது.

"மனுஷ உடம்பு பட்டா நின்னுடும் அத்த. நீங்களும் தொட்டுப் பாருங்க."

மாமியார் தையல்நாயகி பயந்துகொண்டே தொட்டாள். நின்றது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் ஜெயக்குமாரும் வந்து தொட்டான். நிற்கவில்லை.

"நல்லா அழுத்திப் புடிங்க."

ஆறு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தான். நிற்கவில்லை.

"பேட்டரி வீக்கா இருக்குது போல," என்றான்.

சங்கரி மறுபடி தொட்டாள். உடனே நின்றது.

"பாலாத்து வெள்ளத்துல போயிட்டு வந்ததுலேந்தே இவன் கை ஜில்லுனுதாம்மா இருக்குது," என்றாள் தையல்நாயகி.

அந்த வெள்ளத்தில் ஜெயக்குமாரோடு போனவர்களை எல்லாம் பிணமாகத்தான் எடுத்தார்கள். அவன் மட்டும் ஒரு வாரம் கழித்து, தானாக நடந்து வீட்டுக்கு வந்தான். மகள் யாழினி அதற்கு அடுத்த வருஷம் பிறந்தாள்.

சங்கரி ஒயரைப் பிடுங்கக் குனிந்தாள். அதற்குள் யாழினி ஓடி வந்து இரண்டு உள்ளங்கைகளையும் கம்பிகளின்மேல் பதித்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

ஆம்ப் இரைந்துகொண்டே இருந்தது.