இடது மேல், வலது கீழ்

கோட்டின் இடது கையை இரண்டு விரலால் தூக்கி, உள்பக்கமெல்லாம் பார்த்துவிட்டு, "இது ஆம்பளைங்க உடுப்பு, ஏஜென்ட் சார்" என்றாள்.

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

சுங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடி, துணி மேசை. அந்தப் பக்கம் அவள், அதிகாரி. இந்தப் பக்கம் நான், கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட். நடுவில் ஒரு நீலக் கோட்டு, மெல்லிய துணி, முட்டிக்கு ஒரு சாண் மேலே நிற்கும்.

இது பெண்கள் உடை என்று அவள் வாயால் வர வேண்டும். அதுவும் இன்றைக்கே வர வேண்டும். நாலு மணியோடு இந்த மேசையில் அவள் வேலை முடிகிறது. நாளை முதல் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கப் போகிறாள். அங்கே ஏஜென்ட்டுகளுக்கு வேலையே இல்லை.

பட்டனைக் காட்டினாள். இடப்பக்கம் மேலே வந்து மூடினால் ஆண்கள் உடை. வலப்பக்கம் மேலே வந்தால் பெண்கள் உடை. இந்தக் கோட்டில் இடப்பக்கம் ஜம்மென்று மேலே உட்கார்ந்திருந்தது.

பதினோரு வருடமாக இதே தொழில். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இந்தப் பாடத்தை எடுப்பவன் நான்தான். இந்தக் கோட்டை ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தவனும் நான்தான். துணியைப் பார்த்தேன், தையலைப் பார்த்தேன், பாக்கெட்டுக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன். பட்டனைப் பார்க்கவில்லை. புத்தி புல் மேயப் போயிருந்தது.

சட்டைப்பையில் போன் துடித்தது. அக்கா. காலையிலிருந்து ஐந்தாவது தடவை. எடுக்கவில்லை.

எந்தத் துணியை நீட்டினாலும், வரிப் புத்தகத்தைத் திறக்காமலே அதன் எட்டு இலக்க வரி எண்ணைச் சொல்லிவிடுவாள். அதனால் எங்கள் வட்டாரத்தில் அவளுக்கு எட்டு இலக்கம் என்றே பெயர். மூன்று வருடத்துக்கு முன் நான் பிளவுஸ் என்று காகிதம் போட்ட ஒரு சரக்கை, இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தால் அது பிளவுஸ் ஆகாது என்று திருப்பி அனுப்பினாள். அரை நாள் மல்லுக்கட்டினேன். மண்ணைக் கவ்விவிட்டு வெளியே வந்தபோது ஏனோ சிரிப்புச் சிரிப்பாக வந்தது. அதற்குப் பிறகு என் சரக்குகளில் மட்டும் அவளிடம் போய்க் கேட்க வேண்டிய சந்தேகம் அதிகமாகிவிட்டது என்று மற்ற ஏஜென்ட்டுகள் கிண்டல் செய்கிறார்கள்.

"கட்டிங்கைப் பாத்தாலே பொம்பளைங்களுதுன்னு தெரிஞ்சா, பட்டன் விதி செல்லாது மேடம்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. அவளுக்கா தெரியாது?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பாத்தா எப்படித் தெரியும்?" என்று எழுந்து, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மேசைக்காரர் டீ டம்ளரை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்.

தோள் கச்சிதம். கை மணிக்கட்டில் வந்து நின்றது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. அவள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் மின்விசிறியில் போய் முட்டியிருப்பேன்.

பிறகு மேசையில் கிடந்த முத்திரையை எடுத்து வலது பாக்கெட்டில் போட்டாள். அளவு டேப்பை இடதில் போட்டாள். பேனா, சாவிக்கொத்து, கண்ணாடிக் கூடு, எல்லாம் உள்ளே போயின. இன்னும் இடம் இருந்தது.

போன மாதம் ஒருநாள் இதே முத்திரையைத் தேடி மேசையைத் தலைகீழாக்கியபோது, பெண்கள் துணிக்கு ஒரு பாக்கெட் வைக்க எவனுக்கும் மனசு வராதா என்று பொதுவாகத் திட்டினாள். யாரும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, பெண்கள் உடைதான்." உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்தே பேனாவை எடுத்து, படிவத்தை இழுத்தாள். "மொத்தம் எத்தனை பீஸ்?"

"ஒண்ணு."

"எந்தக் கப்பல்?"

"கப்பலே இல்ல, மேடம்."

உண்மையில் நான் வேறொன்று சொல்லத்தான் வந்தேன். அக்கா காலையில் மூன்று தடவை ஒப்பிக்க வைத்து அனுப்பிய வாக்கியம். கோட்டை மேசையில் வைத்ததும், பாழாய்ப்போன பழக்கம், "சாம்பிள், மேடம்" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு தாண்டி இரண்டு நிமிடம். படிவத்தை மூடி, கத்தரிக்கோலை எடுத்தாள்.

சாம்பிள் என்று மேசைக்கு வந்த எதையும், யாரும் விற்க முடியாதபடி ஒரு வெட்டுப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் நீலக் கோட்டே!

நறுக்.

கண்ணைத் திறந்தபோது கோட்டில் ஒரு கீறலும் இல்லை. அவள் அதைக் கழற்றவும் இல்லை. என் முன்னால் ஒரு சின்ன அட்டை கிடந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் துணிக்கடையின் விலைச்சீட்டு.

இடது கையின் உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, முதலிலிருந்தே.