எதிர்வீட்டு நர்ஸ்

எதிர்வீட்டு ரோஸ்லினின் குழந்தை எடை குறைவாகப் பிறந்ததால், அரசாங்க நர்ஸ் வாராவாரம் அவளைத் தேடி வந்தார். குழந்தையை எடை பார்ப்பார், சத்துமாவு கொடுப்பார், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று ரோஸ்லினையும் கேட்பார். தன் மகள் கொழுகொழுவென்று பிறந்து தொலைத்தாளே என்று ஜெயக்கொடிக்கு எரிந்தது. பிரசவமாகி நாற்பது நாளில் அவளை அப்படி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸை வழிமறித்தாள்.

"எம் பிள்ளையயும் பாருங்கக்கா."

நர்ஸ் எடை பார்த்துச் சிரித்தார். "நாலரைக் கிலோ. இவளுக்கு என்ன கொறச்சல்?"

"அவளுக்கு ஒண்ணுமில்லக்கா."

சொல்லிவிட்டும் ஜெயக்கொடி வழியை விடவில்லை. அவள் முகத்தையே பார்த்த நர்ஸ், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நீ தூங்கி எத்தன நாளாச்சு?"

பதில் சொல்வதற்கு முன், ரோஸ்லின் பார்க்கட்டும் என்று, ஜெயக்கொடி வாசற்கதவை அகலத் திறந்துவைத்தாள்.