கடந்த மூன்று மாதத்தில்

ஹேர்பர்ட் வாளியிலிருந்த மரத்தூளை இரண்டு கையாலும் அள்ளி விறாந்தையில் தூவினார். கோழிக்குத் தீன் போடுகிறவர் மாதிரி நிதானமாகத் தூவினார். கொஞ்சத்தைத் தன் சட்டையிலும் அப்பிக்கொண்டார்.

அந்தத் தூள் அவருடையதல்ல. பக்கத்துத் தெருவில் அழகரத்தினத்தின் மரம் அறுக்கிற மரக்காலையிலிருந்து சும்மா அள்ளி வந்தது. ஹேர்பர்ட் மரத்தில் கைவைத்தே இரண்டு வருசமாகிறது. பிறகு எதற்கு இந்தக் கூத்து என்றால், இன்றைக்குக் கஜானி வருவாள்.

சுனாமி டச்பார் கடற்கரை வீட்டையும் மனைவி லில்லியனையும் மகள் ஜனினையும் கொண்டுபோன பிறகு, முகாம் கூடாரத்தில் இருந்துகொண்டு ஹேர்பர்ட் ஒரு மடிப்பு மேசை செய்தார். அங்கே மேசையை வைத்தால் படுக்க இடமில்லை, பாயை விரித்தால் பிள்ளைகள் படிக்க இடமில்லை. அவருடைய மேசையோ பகலில் நிற்கும், இரவில் தட்டையாக மடிந்து கம்பத்தில் தொங்கும். மட்டக்களப்பு முகாம்களெல்லாம் அதைக் கேட்டு ஆள் அனுப்பின.

அப்போதுதான் சிறுதொழில்கள் எப்படி வளர்கின்றன, யார் புதிதாக எதைச் செய்கிறார்கள் என்று ஆராய ஒரு குழு வந்து அவரையும் சேர்த்துக்கொண்டது. வெல்லாவெளிப் பெண் கஜானி அந்தக் குழுவுக்காகக் கேள்வி கேட்கிறவள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். கடந்த மூன்று மாதத்தில் பொருளின் வடிவத்தில் என்ன மாற்றம் செய்தீர்கள், விற்பனை கூடியதா குறைந்ததா என்று கேட்பாள்.

அந்த ஆராய்ச்சிக்கு ஒரு சட்டம் இருந்தது. தொழிலை மூடினவரிடம் பிறகு வரமாட்டார்கள். முகாமிலிருந்து ஹேர்பர்ட் குடிவந்த இந்த நாவற்குடா ஒழுங்கையில், அதே ஆராய்ச்சியில் இருந்த கொலின் தையற்கடையைப் பூட்டினான். அடுத்த தடவை வாகனம் அவனுடைய படலை வாசலில் நிற்காமலே போனதை ஹேர்பர்ட் கண்ணால் பார்த்தார். கொலின் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான், அவனுக்கென்ன. ஹேர்பர்ட்டைத் தேடி வேறு யார் வரப்போகிறார்கள்?

போர் முடிந்து பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து பிளாஸ்டிக் மேசைகள் லொறி லொறியாக வந்து இறங்கின. சமாதானம் எல்லாருக்கும் நல்லது, அதில் மறுபேச்சில்லை. ஹேர்பர்ட்டின் தொழிலைத்தான் அது படுக்கவைத்துவிட்டது. வாளையும் உளியையும் விற்றார், கஜானியிடம் மூச்சு விடவில்லை.

அதன் பிறகும் தொழில் வளர்ந்துகொண்டே போனது, அவருடைய வாய்க்குள். ஒரு தடவை மேசைக்குச் சாமான் போட்டுவைக்க இலாச்சி வைத்ததாகச் சொன்னார். இன்னொரு தடவை உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்றார். உன்னிச்சைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடமே கேட்டிருக்கிறது என்றும் அளந்துவிட்டார்.

கஜானி பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்தாள். முன்பெல்லாம் வாகனத்தில் வருவாள். உதவி நிறுவனங்கள் இப்போது கையைச் சுருக்கிக்கொண்டன, அதனால்தான் பஸ் என்று ஹேர்பர்ட் தாமாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். கேள்விகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம், இப்போது தாள்கூட எடுப்பதில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

இன்றும் கேட்டாள். மேசைக்குச் சில்லுப் பூட்டியிருப்பதாக ஹேர்பர்ட் சொன்னார். ஒரு விரலால் தள்ளினாலே ஓடும் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அந்த மேசையைப் பார்க்க ஆசையாக இருந்தது.

கஜானி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு, டவுனில் ஒரு அறையில் தனியாகத்தான் இருப்பதாகவும், ஊரில் தனக்கென்று யாரும் மிஞ்சவில்லை என்றும், கட்டிலில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டு அலுத்துப்போயிற்று என்றும் சொன்னாள். இத்தனை வருசத்தில் அவள் தன்னைப் பற்றி வாய் திறந்தது இன்றுதான்.

"அந்தச் சில்லு மேச எனக்கும் ஒண்டு வேணும் அங்கிள். காட்டுங்க பாப்பம்."

வேறு யாரும் கேட்டிருந்தால் ஹேர்பர்ட் இன்னொரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருப்பார். கட்டிலில் தனியே இருந்து சாப்பிடுகிற பிள்ளையிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்.

"மேச இல்ல புள்ள," என்றார். "ஒண்டுமே இல்ல. பாத திறந்த வருசமே தொழில் படுத்திட்டு. வாள், உளியெல்லாம் வித்துப்போட்டன்."

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். "பூட்டிட்டன் எண்டு தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்க, அதான் மறைச்சன். லில்லியன் போன பிறகு என்ட வாசலுக்கு வாற ஒரே ஆள் நீங்கதான்."

இவ்வளவு காலமும் ஏமாற்றியிருக்கிறாரே என்று கோபித்துக்கொண்டு கஜானி எழும்பிவிடுவாள் என்று ஹேர்பர்ட் நினைத்தார். கொலினுக்கு நடந்ததுதான் இனித் தனக்கும், ஒழுங்கையால் போனாலும் இந்தப் படலையில் அவள் நிற்கப்போவதில்லை என்று தோன்றியது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆராய்ச்சி போன வருசமே முடிஞ்சிட்டு அங்கிள்."