புதுப்பொண்ணு சாப்பிட்டாச்சா?

“சாப்பிட்டுச்சும்மா. முழுசா முழுங்கிடுச்சு” என்று லெபோனா போனில் சொன்னபோது, எலிக்குஞ்சு அவன் கண்ணெதிரே பாம்புப் பெட்டிக்குள் அப்படியே கிடந்தது.

“அப்போ நானும் சாப்பிடறேன்ப்பா” என்றாள் மகள் தெபெல்லோ, இருநூறு கிலோமீட்டர் தள்ளி, புளூம்ஃபொன்டைன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். சோளக்களியும் கீரையும் எடுத்துவந்த பக்கத்து வீட்டு டினேயோ அக்கா வாசலிலேயே நின்றாள். பாம்பு இருக்கிற வீட்டுக்குள் அவள் கால் வைப்பதில்லை.

“பத்து வயசுப் புள்ளகிட்டப் பொய்! வெக்கமா இல்ல, தெபெல்லோ அப்பா?”

“வேற என்னக்கா செய்யச் சொல்றீங்க? பாம்பு சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்னு ஒரே அடம். ஆபரேஷன் ஆன உடம்பு. சாப்பிடலைன்னா மூக்கு வழியாக் குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“சரி, சனிக்கிழமை வீட்டுக்கு வர்றாளே! வந்ததும் பெட்டியைத்தான் திறப்பா. அப்ப என்ன கதை விடுவே?”

லெபோனா பெட்டி மூடியைத் திறந்து மறுபடி எட்டிப் பார்த்தான்.

பிறந்தநாளுக்கென்று மகள் கெஞ்சி வாங்கிய பழுப்புப் பாம்புக்குட்டி அது. விஷமில்லை. ஷூ லேஸ் பருமன்தான். வந்த அன்றிலிருந்து தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டே கிடந்ததால் ‘புதுப்பொண்ணு’ என்று அவளே பெயர் வைத்தாள். நான்கு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இந்த மூன்று வாரத்தில் அது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பக்கவாட்டில் தோல் மடிப்பு விழுந்துவிட்டது.

லெபோனாவுக்கு மண்புழுவைக் கண்டாலே உதறும். அவன்தான் இன்று ஃப்ரீசரில் இறைச்சிக்குப் பக்கத்தில் எலிக்குஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறான். மனைவி புலெங் மகளோடு ஆஸ்பத்திரியில் இருப்பதால் பிழைத்தான்.

பாம்பை விற்ற ரியானுக்குப் போன் போட்டான்.

“எலிக்குஞ்சை வெந்நீர்ல போட்டு வெதுவெதுன்னு கொடுத்தீங்களா?”

“கொடுத்தேன்.”

“பல்லி வாசனை காட்டினீங்களா? குட்டியில அதுங்களுக்குப் பல்லின்னா உசிரு.”

“ஸ்டூல் போட்டு ஏறிப் பல்லி புடிச்சு, எலி மேல தேய்ச்சும் பார்த்துட்டேன்யா! பல்லி வாலைக் கொடுத்துட்டு ஓடிப்போச்சு. இது திரும்பிக்கூடப் பார்க்கல.”

ரியான் நாள் கணக்கைக் கேட்டுக்கொண்டான். “இன்னும் ஒரு வாரம் பார்க்கலாங்க. அதுக்கு மேல தாங்காது.”

லெபோனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாம்பும் போய், மகளுக்கு அப்பன் மேல் இருந்த நம்பிக்கையும் போய், அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டால்? கடவுளே!

வாசலில் டினேயோ அக்கா பாம்புப் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைத் திறந்து பார்க்கறே?”

“லீவு போட்டு வீட்லயேதானே இருக்கேன்? கால் மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன். டார்ச் அடிச்சு.”

“அட கூறுகெட்டவனே! நான் கல்யாணமாகி வந்தப்ப மாமனார் எதிர்ல பச்சைத்தண்ணி குடிச்சிருப்பேனா? எனக்குன்னு ஆடு அறுத்துச் சமைச்சு வெச்சாங்க. அப்பவும் அந்த மனுஷன் வெளிய கிளம்பின பிறகுதான் புதுப்பொண்ணுக்குப் போர்த்திவிட்ட போர்வையை விலக்கிக் கை வெச்சேன். நீ டார்ச் அடிக்கிற மாமனார்! எந்த மருமக வாயைத் திறப்பா?”

லெபோனா டார்ச்சை எடுத்து அலமாரிக்குள் வைத்தான்.

பிறகு ஒரு சின்ன டப்பாவில் காற்றுக்கு ஓட்டை போட்டு, பாம்பையும் சூடாக்கிய எலிக்குஞ்சையும் உள்ளே விட்டான். மேலே துண்டைப் போட்டு மூடினான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

வெளியே உட்கார்ந்தவன் உள்ளே எட்டிப் பார்க்க மூன்று தடவை எழுந்தான். மூன்று தடவையும் பக்கத்து வீட்டிலிருந்து அதட்டல் வந்தது. “உக்காருங்க மாமனாரே!”

மத்தியானம் ஊர்ந்து போய், வெயில் தாழ்ந்தது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. உள்ளே போய்த் துண்டை விலக்கினான்.

எலிக்குஞ்சைக் காணோம். அடியில் விரித்த காகிதத்தைத் தூக்கிப் பார்த்தான். அங்கேயும் இல்லை. பாம்பின் நடுவில் மட்டும் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு.

அவ்வளவுதான், போனை எடுத்துவிட்டான். “தெபெல்லோ! சாப்பிட்டுச்சும்மா! புதுப்பொண்ணு சாப்பிட்டுச்சு! வயிறு பொடைச்சிருக்கும்மா!”

 மகள் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்குத்தான் முதல் தடவை, இல்லப்பா?”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யா... யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. மூணு வாரமா கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி ‘சாப்பிட்டுச்சு’ன்னீங்க. இன்னிக்குக் காது கிழியுது.”



“தெரிஞ்சும் ஏம்மா தினம் சாப்பிட்டே?”

“நான் சாப்பிடலைன்னு நீங்களும் பட்டினி கிடந்தீங்களாமே. கொடுக்கிற தட்டு அப்படியே திரும்பி வருதுன்னு டினேயோ அத்தை அம்மாகிட்ட போன்ல அழுதாங்க. அதான் நம்பின மாதிரி சாப்பிட்டேன்.”

லெபோனா வாசலைப் பார்த்தான்; டினேயோ அக்கா வைத்துவிட்டுப் போன களித்தட்டு மூடினபடியே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பா, இப்பவாவது பொய் சொல்லாம சொல்லுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?”